நொண்டி வாத்தும் காபந்து சர்க்காரும்

சூளையில் நெருப்பை நிறுத்தியதும் வேலை முடிந்துவிட்டதா?

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இனிமேல்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பார்கள்.

ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறிய சூளை அது. உள்ளே பொம்மைகள் இருக்கும். அகல் விளக்குகள் இருக்கும். மின்சாரப் பியூஸ் கட்டைகள் இருக்கும். நெருப்பு நின்ற கையோடு அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால், வெளிக்காற்று பட்டுச் சரக்கில் விரிசல் விழும். அத்தனை நாள் பாடும் வீண்! அதற்காக, நெருப்புதான் நின்றுவிட்டதே என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடவும் முடியாது. சூளை ஆறுகிற வரையில் ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள் புதிதாக நெருப்பு மூட்டமாட்டார். புதிய சரக்கை உள்ளே அடுக்கமாட்டார். இருப்பதைக் காப்பாற்றி, எடுப்பவர் கையில் ஒப்படைப்பார்.

ஒரு சர்க்கார் போய் இன்னொரு சர்க்கார் வருகிற இடைவெளியும் இப்படித்தான்.

அந்த இடைவெளியில் நாற்காலியில் இருப்பவருக்கு இங்கிலீஷ்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். "லேம் டக்" என்று பெயர். அதாவது, நொண்டி வாத்து! நம் ஊரில் அவருக்கு வேறு பெயர். காபந்து மந்திரி. அவர் இருக்கும் சர்க்கார், காபந்து சர்க்கார்.

இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்கலாம். ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தில் நம் வீட்டுக் காரியங்களும் அடங்கியிருக்கின்றன.

மஞ்சள் கடிதாசி வாத்து

முதலில் வாத்தின் கதையைப் பார்ப்போம்.

இந்த வாத்து அரசியலில் பிறந்தது அல்ல. லண்டன் பங்கு மார்க்கெட்டில் பிறந்தது. 250 ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே பங்கு வியாபாரம் செய்தவர்கள் தங்களுக்குள் பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். விலை ஏறும் என்று பந்தயம் கட்டுகிறவர் காளை. இறங்கும் என்று பந்தயம் கட்டுகிறவர் கரடி. இந்தக் காளையும் கரடியும் இன்றைக்கும் பத்திரிகைகளின் வியாபாரப் பக்கத்தில் உலவுகின்றன.

வாங்கிய கடனைக் கொடுக்க முடியாமல் விழிக்கிறவர் இருக்கிறாரே, அவர்தான் நொண்டி வாத்து. நம் பக்கத்தில், "மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டான்" என்று சொல்கிறோம் அல்லவா? அதே ஆள். கடன் கொடுக்க முடியாதவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாத்து மாதிரி அசைந்து அசைந்து மார்க்கெட்டை விட்டு வெளியேறுவார் என்று கேலி.

பிரிட்டனின் முதல் பிரதம மந்திரி என்று சொல்லப்படும் வால்போலின் மகன் ஹோரஸ் வால்போல் ஒரு எழுத்தாளர். காளை, கரடி, நொண்டி வாத்து என்றால் என்னவென்று தெரியுமா என்று 1761-ம் ஆண்டில் தமது நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டிருக்கிறார். அப்போதே இந்தப் பேச்சு வழக்கில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

பிறகு வாத்து கப்பல் ஏறி அமெரிக்கா போயிற்று. அங்கே வியாபாரியை விட்டுவிட்டு, அரசியல்வாதியைப் பிடித்துக்கொண்டது! தேர்தலில் தோற்றும் பதவிக்காலம் முடியாததால் சபையில் உட்கார்ந்திருப்பவர்களையும், தோற்ற பிறகு வேறு உத்தியோகத்துக்கு அலைகிறவர்களையும் அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். 1863-ம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் சபை நடவடிக்கைக் குறிப்பிலேயே இந்தச் சொல் ஏறிவிட்டது.

நான்கு மாதக் கூத்து

அமெரிக்காவில் இந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம் உண்டு.

அங்கே ஜனாதிபதி தேர்தல் நவம்பர் மாதத்தில் நடக்கும். ஆனால் புதியவர் பதவி ஏற்பது அடுத்த ஆண்டு மார்ச் 4-ந் தேதி. நடுவில் நான்கு மாதம்! குதிரையிலும் வண்டியிலும் பயணம் செய்த காலத்தில் போட்ட கணக்கு அது. ரெயில் வந்தது. தந்தி வந்தது. டெலிபோன் வந்தது. கணக்கு மட்டும் மாறவில்லை.

அந்த நான்கு மாதம் என்ன செய்தது தெரியுமா? 1860-ம் ஆண்டு நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் ஜெயித்தார். பதவியில் இருந்தவர் புக்கனன். அடிமை முறையை விட மனமில்லாத தென் மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரிவதாக ஒவ்வொன்றாக அறிவித்தன. "பிரிந்து போக உங்களுக்கு உரிமை இல்லை, உங்களைப் பலவந்தமாக நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரமும் இல்லை" என்கிற தோரணையில் புக்கனன் பேசினார். லிங்கன் 1861 மார்ச் 4-ந் தேதி பதவி ஏற்றபோது 7 மாநிலங்கள் போய்விட்டிருந்தன. அடுத்த மாதம் உள்நாட்டுப் போர் மூண்டது.

1932-ல் மறுபடியும் அதே கதை. ரூஸ்வெல்ட் ஜெயித்தார். தோற்றுப்போன ஹூவர் மார்ச் வரை இருந்தார். நாடு முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம். பாங்குகளில் போட்ட பணத்தை எடுக்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். "சேர்ந்து ஏதாவது செய்வோம்" என்று ஹூவர் அழைத்தார். "அதிகாரம் இல்லாமல் நான் பொறுப்பு ஏற்கமாட்டேன்" என்று ரூஸ்வெல்ட் ஒதுங்கிக்கொண்டார். இருவருக்கும் நடுவில் பாங்குகள் வரிசையாகக் கதவை மூடின. போட்டவர்கள் தெருவில் நின்றார்கள்.

அதற்குள் ஜார்ஜ் நாரிஸ் என்ற செனட் உறுப்பினர் பத்தாண்டு விடாப்பிடியாகப் போராடி ஒரு சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்திருந்தார். 1933 ஜனவரியில் அது அமலுக்கு வரத் தேவையான சம்மதம் கிடைத்தது. அதன்படி ஜனாதிபதி பதவியேற்பு ஜனவரி 20-க்கு முன்தள்ளப்பட்டது. அந்தத் திருத்தத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர், "நொண்டி வாத்துத் திருத்தம்"!

நம் சொல் நல்ல சொல்

இப்போது தமிழ்ப் பேச்சிலும் எழுத்திலும் சிலர் இந்த வாத்தை அப்படியே மொழிபெயர்த்து ஓட்டி வருகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கடலூர் மாவட்டத்தில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மந்தையோடு நடக்க முடியாத வாத்தைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை. ஊனத்தைக் கேலி செய்யும் சொல் நமக்கு எதற்கு? "மாற்றுத் திறனாளி" என்று அழைக்கக் கற்றுக்கொண்ட நாடு அல்லவா இது!

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நொண்டி வாத்து என்ற சொல், "இவரால் ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்கிறது. இவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

காபந்து என்ற சொல்லைப் பாருங்கள். வெளியூர் போகிற அம்மா, பெரிய பெண்ணிடம் சாவியைக் கொடுக்கிறாள். "வீட்டைக் காபந்து பண்ணு" என்கிறாள். அதற்கு என்ன அர்த்தம்? பீரோவில் இருக்கும் நகையை எடுத்து விற்காதே. தம்பி பசி என்று அழுதால் சோறு போடு. திருடன் வந்தால் சத்தம் போடு. நான் வந்ததும் சாவியைத் திருப்பிக் கொடு. ஒரே சொல்லில் நான்கு கட்டளை!

இந்தச் சொல் நம் அரசியல் சட்டத்தில் கிடையாது. காபந்து சர்க்கார் என்று ஒரு தனிப் பிரிவும் இல்லை. 1971-ல் இது ஒரு வழக்காகவே வந்தது. பார்லிமெண்டு கலைக்கப்பட்ட பிறகு இந்திரா காந்தி எப்படிப் பிரதம மந்திரியாக இருக்கலாம் என்று யு.என்.ஆர். ராவ் என்பவர் வழக்குப் போட்டார். மந்திரிகள் பதில் சொல்ல வேண்டியது லோக்சபைக்கு. அந்தச் சபையே இல்லாதபோது மந்திரிகள் ஏது என்பது அவருடைய வாதம். சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்ல மந்திரிசபை எப்போதும் இருந்தே ஆக வேண்டும், சபை கலைந்தாலும் மந்திரிசபை இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னது.

ஆக, வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பது முடிவாயிற்று. அந்த ஆள் எதுவரை கை நீட்டலாம் என்பது முடிவாகவில்லை.

அடகுக்குப் போன தங்கம்

அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது 1991-ல் தெரிந்தது.

அந்த ஆண்டு மார்ச் 6-ந் தேதி பிரதம மந்திரி சந்திரசேகர் ராஜினாமா செய்தார். தேர்தல் முடியும்வரை நீடிக்கும்படி ஜனாதிபதி கேட்டுக்கொண்டார். அப்போது நம் நாட்டின் கையில் இருந்த வெளிநாட்டுப் பணம், சில வாரங்களுக்கு மட்டுமே இறக்குமதி செய்யப் போதும். பெட்ரோல் வாங்க வேண்டும். பழைய கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். கட்டாவிட்டால்? லண்டன் மார்க்கெட்டில் பெயர் வைத்தார்களே, அந்த மஞ்சள் கடிதாசி வாத்தாக இந்தியாவே ஆகிவிடும்!

கேட்பதற்குச் சபை இல்லை. முழு பட்ஜெட்டும் போடவில்லை. தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. மே மாதத்தில் அந்தக் காபந்து சர்க்கார், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கத்தில் 20 டன்னை எடுத்தது. திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு ஸ்விட்சர்லாந்து பாங்கு ஒன்றுக்கு விற்றுப் பணம் திரட்டியது. அதே மே மாதம் 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தேர்தல் தள்ளிப் போயிற்று. காபந்துக் காலமும் நீண்டது. ஜூன் 21-ந் தேதிதான் நரசிம்மராவ் பதவி ஏற்றார். ஜூலையில் அவருடைய சர்க்காரும் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது.

பொறுப்பை ஒப்படைக்கப் போகிறவர் குடும்ப நகையில் கை வைக்கலாமா?

என்னைக் கேட்டால், அந்தச் சமயத்தில் செய்தது சரிதான் என்பேன். கடன்காரன் வாசலில் நிற்கிறான். அம்மா ஊரில் இல்லை. மானத்தைக் காப்பாற்ற ஒரு வளையலை அடகு வைத்து, ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, அம்மா வந்ததும் கையில் கொடுப்பது குற்றம் ஆகாது. "எனக்கு ஏன் வம்பு? புதியவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும்" என்று சந்திரசேகர் இருந்திருந்தால், வருகிறவர் கையில் மிஞ்சியிருப்பது என்ன?

ஒரே சர்க்கார், இரண்டு காரியம்

எட்டு ஆண்டு கழித்து இன்னொரு சோதனை.

1999-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி வாஜ்பாய் சர்க்கார் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. ஆதரவு 269. எதிர்ப்பு 270. நம் ஊர் அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்கியதால் வந்த ஓட்டெடுப்பு அது. சபை கலைந்தது. வாஜ்பாய் காபந்துப் பிரதம மந்திரி ஆனார்.

அடுத்த மாதமே கார்கில் மலையில் ஊடுருவல் தெரிய வந்தது. போர்! மே, ஜூன், ஜூலை என்று மூன்று மாதம் நடந்தது. 500-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29-ந் தேதி படாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவருக்கு வீர் சக்கர விருது தரப்பட்டது. இந்தப் போர் முழுவதையும் நடத்தியது ஒரு ஓட்டில் தோற்ற சர்க்கார். அதை நொண்டி வாத்து என்று சொல்ல நாக்கு வருமா? வீட்டுக்குள் திருடன் புகுந்தால், சாவியை வைத்திருப்பவர்தானே விரட்ட வேண்டும்?

ஆனால் அதே சர்க்கார் அதே ஜூலை மாதத்தில் இன்னொரு காரியமும் செய்தது. டெலிபோன் கம்பெனிகள் ஏலத்தில் ஒப்புக்கொண்ட லைசென்சு பணத்தைக் கட்ட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் பழைய ஒப்பந்தத்தை மாற்றி, வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று சர்க்கார் முடிவு செய்தது. செல்போன் மலிவானதற்கு அந்த முடிவும் ஒரு காரணம் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனாலும் அது போரைப்போல அன்றைக்கே முடிவு செய்ய வேண்டிய காரியம் அல்ல. மூன்று மாதத்தில் தேர்தல் முடிந்துவிடும். புதிய சபையில் வைத்து, நாலு பேர் கேள்வி கேட்க, பதில் சொல்லிச் செய்திருக்கலாம். அப்போது எதிர்க்கட்சிகள் போட்ட சத்தம் நியாயமான சத்தம்.

கடைசி நேர அவசரம்

போகிற வேளையில் வாரி இறைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வியாதி. அமெரிக்காவில் ஜான் ஆடம்ஸ் 1801-ல் பதவியிலிருந்து இறங்கும் சமயத்தில், கடைசி நாள் வரை உட்கார்ந்து நீதிபதி நியமன உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டார். "நள்ளிரவு நீதிபதிகள்" என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. சில உத்தரவுகள் உரியவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. புதிய சர்க்கார் அவற்றைக் கொடுக்க மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதா நிறைவேறியது. அதே நாளில் தேர்தல் தேதியும் அறிவிக்கப்பட்டது. விருத்தாசலம் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் காலேஜ் சீட்டும் வேலையும் இதை நம்பி இருந்தன. நவம்பர் 1-ந் தேதி மதுரையில் ஐகோர்ட்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. தனியாகப் பிரித்துக் கொடுக்கப் போதிய புள்ளிவிவரம் காட்டவில்லை என்பது முக்கியமான காரணம்.

அந்தக் கோரிக்கை சரியா, தவறா என்பது வேறு விவாதம். கோரிக்கை பல ஆண்டுகளாக இருந்தது. கணக்கெடுக்க ஐந்து வருடம் இருந்தது. கடைசி மணி நேரத்தில் கொடுத்ததைக் கோர்ட்டு பறித்தது. ஏமாந்தது யார்? மந்திரிகள் அல்ல. விண்ணப்பம் எழுதிய பிள்ளைகள்.

கையைக் கட்டிக்கொள்வதும் தப்பு

அவசரம் ஒரு தப்பு என்றால், சும்மா இருப்பது இன்னொரு தப்பு.

தேர்தல் தேதி அறிவித்தவுடன் நன்னடத்தை விதி வந்துவிடுகிறது. 1960-ல் கேரளத்தில் தொடங்கிய நல்ல பழக்கம் இது. புதிய திட்டம் அறிவிக்கக் கூடாது. புதிதாகப் பணம் ஒதுக்கக் கூடாது. சரி. ஆனால் நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தும்படி விதி சொல்லவில்லை. வெள்ளம், புயல் வந்தால் உதவி செய்யாதே என்றும் சொல்லவில்லை. ஆபீசில் போய்க் கேட்டால், "எலெக்‌ஷன் முடியட்டும் அய்யா" என்று ஒரே பதில்! 2024-ல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ந் தேதியே ஓட்டுப் போட்டு முடித்தோம். ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4-ந் தேதி. மார்ச் 16-ந் தேதி தொடங்கிய விதி 80 நாள் நீடித்தது. கலெக்டர் ஆபீசின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம் நின்றது. முதியோர் பென்ஷனுக்கு மனுவோடு வந்த பாட்டிக்கு 80 நாள் என்பது சின்னக் கணக்கு அல்ல.

நியூசிலாந்து நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1984 ஜூலையில் அங்கே மல்டூன் தோற்றார். லாங்கே ஜெயித்தார். அவர் பதவி ஏற்கச் சில நாள் இருந்தது. அதற்குள் நாணய நெருக்கடி வந்துவிட்டது. நாணயத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்று ஜெயித்தவர் சொன்னார். தோற்றவர் மாட்டேன் என்றார். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கிய பிறகு பணிந்தார். அன்று முதல் அங்கே வழக்கம் தெளிவாயிற்று. யார் வரப்போகிறார் என்று தெரிந்துவிட்டால், அவசர காரியத்தில் வருகிறவர் சொல்படி போகிறவர் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் காபந்துக் கால நடைமுறைகளைப் புத்தகமாகவே அச்சிட்டு அதிகாரிகளுக்குக் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டிலும் அப்படி எழுதி வைக்க வேண்டும். எழுதுவது கஷ்டமும் அல்ல. தள்ளிப்போட முடியாததைச் செய். தள்ளிப்போடக் கூடியதை விட்டு வை. செய்ததற்கு ரசீது வைத்து, வருகிறவர் கையில் கொடு. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

முடியாத காபந்து

டெல்லிக்கும் சென்னைக்கும் மட்டும் எழுதினால் போதாது. 2017 பிப்ரவரியில் ஓ.பன்னீர்செல்வம் காபந்து முதல்-மந்திரியாக இருந்தது 5-ந் தேதி முதல் 16-ந் தேதி வரை. அந்தச் சில நாட்களுக்கு ஊரெல்லாம் டெலிவிஷன் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தது. அதே சமயத்தில் விருத்தாசலம் நகராட்சியில் ஒரு காபந்து நடந்துகொண்டிருந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2016 அக்டோபர் 24-ந் தேதியோடு தமிழ்நாட்டின் எல்லா நகராட்சி, பஞ்சாயத்துகளின் பதவிக்காலமும் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தல் அறிவிப்பை ஐகோர்ட்டு ரத்து செய்திருந்தது. கவுன்சிலர்கள் வீட்டுக்குப் போனார்கள். தனி அலுவலர் என்று ஒரு சர்க்கார் அதிகாரி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கடலூர் உள்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. நகராட்சிகளுக்கு அப்போதும் வரவில்லை.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் முன்பு கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம். சண்டை போடலாம். அடுத்த தடவை ஓட்டு கிடையாது என்று மிரட்டலாம். தனி அலுவலரிடம் எதைச் சொல்லி மிரட்டுவது? அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு நம் ஓட்டு தேவையில்லை. சாவியை வாங்கியவர் அவர். கொடுத்தவர்கள் நாம் அல்ல.

2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் ஓட்டுப் பதிவு நடந்தது. மார்ச் 2-ந் தேதி கவுன்சிலர்கள் பதவி ஏற்றார்கள். 4-ந் தேதி தலைவர் தேர்தல். ஐந்து ஆண்டு, நான்கு மாதம்! ஒரு முழுப் பதவிக்காலத்தையே காபந்து விழுங்கிவிட்டது.